முப்பத்தொன்பது டிகிரியில் பத்து நாள்

தெர்மோஸ்டாட் போச்சுன்னு எழுதிருங்க தம்பி. ஒரே ஒரு வரி. சூடு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, ஏறி ஏறி இறங்குது, ரொம்ப வருசமாவே இப்படித்தான் இருந்திருக்கணும்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தைப் போட்டு, கம்பெனி சீலையும் வச்சிருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.

தெரியும், நீங்க சொல்ல வேண்டாம். ஏழு மணிக்கே வந்தீங்க, முப்பத்தொம்போதுல வச்சீங்க, ரெண்டு மணி நேரமா அது முப்பத்தொம்போதுலயேதான் நிக்குது. நானும் பக்கத்துலதானே நிக்கேன். மெஷின்ல குறை இருக்குன்னு நான் சொல்லல. குறை இருக்குன்னு எழுதுங்கன்னுதான் சொல்லுதேன். ரெண்டும் வேற. கோவப்படாதீங்க, டீ ஆறுது, குடிங்க. எதுக்குக் கேக்கேன்னு சொல்லுதேன். கேட்டுட்டு உங்க மனசுக்குப் பட்டதைச் செய்ங்க.

என் பேரு கோயில்பிச்சை. இந்தக் காலேஜில, இந்த லேபுல, முப்பத்தோரு வருசமா அட்டெண்டர். இன்னும் நாலு மாசத்துல ரிட்டையர்டு. இத்தனை வருசத்துல ஒரு மெமோ வாங்கினது கிடையாது. என் கையால ஒரு குப்பி உடைஞ்சது கிடையாது. வேணும்னா ஆபீஸ்ல போயிக் கேட்டுப் பாருங்க. இந்தச் சூட்டுப் பொட்டி, இன்குபேட்டரு, வந்த அன்னைக்கு லாரியில இருந்து இறக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். இப்போ புதுசு வந்திட்டுன்னு இதைக் கண்டம் பண்ணி, ஆகாத சாமான்னு தள்ளி விக்கிறாவ. வாங்குறவங்களுக்குச் சாமான் எந்த நிலைமையில இருக்குன்னு மெக்கானிக் எழுதித் தரணும், அதுக்குத்தான் உங்களை மதுரையில இருந்து வரச்சொன்னது. வாங்குறது யாருன்னு தெரியுமா? பேச்சித்தாய்னு ஒரு பிள்ளை. பதினோரு மணிக்கு லோடு ஆட்டோவோட வாறேன்னு சொல்லியிருக்கா. வீட்டுக்குக் கொண்டு போகப் போறா. குடும்பம் நடத்துற வீட்டுல இந்தப் பொட்டிக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கணும் தம்பி.

அவ இங்க ஆராய்ச்சி பண்ண வந்தவ. ஒம்போது வருசம் ஆச்சு. ஆலங்குளத்துப் பக்கம் ஊரு. வீட்டுல எல்லாரும் பீடி சுத்துறவங்க, இவளும் சுத்தினவதான். அதனால விரல் அப்படி ஓடும். ஒரு சொட்டு எடுக்கணும்னா ஒரு சொட்டுதான் எடுப்பா, கூடாது குறையாது. மத்த பிள்ளைங்க என்னைப் பிச்சைன்னு கூப்பிடுவாங்க, அவ அண்ணாச்சின்னு கூப்பிடுவா. சாப்பாட்டு நேரத்துல டப்பா மூடியில எனக்குன்னு கொஞ்சம் துவையல் எடுத்து வைப்பா. எனக்கு ரெண்டும் பையனுவ, பொம்பளைப் பிள்ளை கிடையாது. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, அவ மேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அதை முதல்ல மனசுல வச்சுக்கிடுங்க.

இந்த மைக்ராஸ்கோப்பை அப்போ இருபத்திரண்டு வருசமாத் தொடைச்சு வச்சிருந்தேன். உள்ள பாருங்கன்னு என்கிட்டச் சொன்னது அவ ஒருத்திதான். ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா, உள்ள உருண்டை உருண்டையா ஈஸ்ட். கேக்குக்கும் பன்னுக்கும் போடுதாங்கல்லா, அந்த ஈஸ்ட்தான். ஒவ்வொரு உருண்டை மேலயும் சின்னதா ஒரு மொட்டு. பெரிசு தாயி, அந்த மொட்டு மகள்னு சொன்னா. மொட்டு வளந்து, தனியாப் பிரிஞ்சு போயிருமாம். பிரிஞ்ச இடத்துல தாய் மேல ஒரு வடு இருக்குமாம். அந்த வடுவை எண்ணினா எத்தனை பெத்திருக்குன்னு சொல்லிரலாமாம். முப்பது டிகிரியில ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். காலையில தெளிஞ்ச தண்ணி மாதிரி வச்ச குடுவை, மறுநாள் காலையில கலங்கி நிக்கும். அந்தக் கலங்கலைப் பாத்தே எவ்வளவு பெருகியிருக்குன்னு சொல்லிருவா.

அப்புறம் ஒரு நாள் இன்னொரு கண்ணாடியைக் காட்டினா. முப்பத்தொம்போது டிகிரியில வச்சது. அதே ஈஸ்ட், அது தின்னு வளர ஊத்துற அதே கஞ்சி. ஆனா எல்லாம் ஒத்தை ஒத்தையா நிக்குது. தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணு ரெண்டுல தவிர மொட்டே இல்ல. செத்துப் போச்சாம்மான்னு கேட்டேன். அவ சொன்னா:

"சாகல அண்ணாச்சி, நிறுத்தி வச்சிருக்கு. சூடு கூடுச்சுன்னா உள்ள இருக்கிற புரதமெல்லாம் முட்டை வெந்த மாதிரி சுருண்டுக்கிடும். அதை நிமித்தி எடுக்கவே இருக்கிற தெம்பெல்லாம் போயிரும். பிள்ளை பெக்கத் தெம்பு ஏது? சூடு தணிஞ்சா மறுபடி மொட்டு விடும்."

இன்னும் ரெண்டு மூணு டிகிரி கூட்டி அப்படியே விட்டா நிஜமாவே செத்துருமாம். முப்பத்தொம்போதுங்கிறது சாகவும் விடாது, பெருகவும் விடாது. அன்னைக்கு வீட்டுக்குப் போயி என் சம்சாரம் ரோசம்மாகிட்ட அதைச் சொன்னேன். எனக்கு என்னவோ போல இருந்துச்சு. நம்ம ஊருல சித்திரை மாசத்துல வெளியில நிக்கிறவன் நிலைமைதான் அதுக்கும்.

அவ ஆராய்ச்சியே அதுதான். சூட்டுலயும் பெருகுற ஈஸ்ட் எங்கயாச்சும் இருக்கான்னு தேடுறது. ஈஸ்டை வச்சு ஸ்பிரிட்டு காய்ச்சுற பெரிய ஆலையில எல்லாம், அது பெருகப் பெருக அதுவே சூடாகுமாம். தண்ணி விட்டுத் தணிச்சுக்கிட்டே இருக்கணுமாம், இல்லைன்னா நின்னுருமாம். சூடு தாங்குற ரகம் கிடைச்சா பெரிய காரியம்னு சொல்லுவா. அதுக்காகப் பனங்காட்டுல பதனிப் பானை பானையாப் போயி வழிச்சு எடுத்துட்டு வந்தா. அந்த வெயில்ல கிடக்கிற பானையில இருக்கிறது கொஞ்சமாவது சூடு தாங்கணும்லா அண்ணாச்சின்னு சொல்லுவா. அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. பகல்ல அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்னு வச்சு எண்ணிப் பாத்தா. ஒண்ணும் தாங்கல. முப்பத்தஞ்சுல கொஞ்சம் சுணங்கும், முப்பத்தேழுல இன்னும் சுணங்கும், முப்பத்தொம்போதுல நின்னுரும். நாலு மாசம் இதே கதை.

அப்புறம்தான் பத்து நாள் வச்சுப் பாக்கலாம்னு முடிவு பண்ணினா. விடாம, ராத்திரி பகலா, முப்பத்தொம்போதுல பத்து நாள். தினம் காலையில பத்து மணிக்கு வந்து, எவ்வளவு பெருகியிருக்குன்னு பாத்துட்டு, அதுல இருந்து துளி எடுத்துப் புதுக் கஞ்சியில விடணும். நாள்பட்டா ஏதாவது ஒண்ணு பழகிக்கிடாதான்னு ஒரு நம்பிக்கை. ராத்திரி அவ இங்க இருக்க முடியாது. அப்போ பொம்பளைப் பிள்ளைங்க அஞ்சு மணிக்கு லேபை விட்டு வெளியில போயிரணும், ஹாஸ்டல் கேட்டு அஞ்சரைக்குச் சாத்திருவாவ. ஆம்பளைப் பையனுவ இருக்கலாம். அது காலேஜு ரூலு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

எனக்கும் ஒரு ரூலு இருக்கு தம்பி. அன்னா அந்தக் கதவுக்குப் பின்னால பாருங்க, மஞ்சப் பூத்த பேப்பர். ரொம்ப வருசத்துக்கு முன்னால கெமிஸ்ட்ரி லேபுல அடுப்புப் பொட்டி ராத்திரி எரிஞ்சு போச்சு. அங்க இருந்த அட்டெண்டர் யாக்கோபை ரெண்டு வருசம் சஸ்பெண்டு பண்ணி வச்சிருந்தாவ. மனுஷன் அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு. அதுக்கப்புறம் அப்போ இருந்த பிரின்சிபால் போட்ட சர்க்குலர் அது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஹீட்டர் உள்ள எந்தச் சாதனமும் முப்பது டிகிரிக்கு மேல் ஓடக்கூடாது, மீறினால் ஆய்வக உதவியாளரே பொறுப்பு. வாசிச்சுப் பாருங்க. உதவியாளரே பொறுப்பு. வாத்தியாரு பொறுப்புன்னு போடல.

அதனால அஞ்சு மணிக்கு அவ போனதும் முப்பதுல கொண்டு வந்து வச்சிட்டுப் பூட்டுவேன். காலையில எட்டு மணிக்கு வந்ததும் முப்பத்தொம்போதுக்கு ஏத்தி வச்சிருவேன். ஒம்போதரைக்கெல்லாம் ஏறிரும். பத்து மணிக்கு அவ வரும்போது சரியா இருக்கும். ஞாயித்துக்கிழமை கூட கோயிலுக்குப் போற வழியில வந்து ஏத்தி வச்சிட்டுத்தான் போனேன். ஒரு நாள் தவறல.

ஏன் தம்பி ஸ்குரூவைக் கையிலயே வச்சிக்கிட்டு நிக்கீங்க?

நான் அணைக்கலியே. யாக்கோபு மாதிரி ஆயிரக்கூடாதேன்னு மொத்தமா அணைச்சிட்டே போயிருக்கலாம். அணைக்காம முப்பதுல வச்சேன், ஈஸ்டுக்கு ஏத்த சூடு. அதுகளும் ராத்திரியாவது கொஞ்சம் ஆறட்டுமேன்னு ஒரு எண்ணமும் இருந்துச்சு, அதையும் மறைக்கல. அவகிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கீங்க. சொன்னா என்ன ஆவும்? குணசீலன் சார்கிட்டப் போயி ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கணும். அவருதான் துறைத் தலைவரு, இவளுக்கு கைடும் அவருதான். ஒரு கையெழுத்துக்கு மூணு நாளு வராந்தாவுல நிக்க வைப்பாரு. பிள்ளைக்கு எதுக்கு அந்த அலைச்சல்னு நினைச்சேன். அதுபோக, சர்க்குலர் எல்லாரும் வாசிக்கத்தானே ஒட்டியிருக்கு. அவ வாசிச்சிருக்கணும்லா.

மூணாவது நாளு காலையில குடுவையைக் கையில எடுத்தவ அப்படியே நின்னா. கலங்கியிருக்கு. முப்பத்தொம்போதுல பெருகியிருக்கு. என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி மைக்ராஸ்கோப்புல காட்டினா. மொட்டு மொட்டா. அன்னைக்குப் பூரா சாப்பிடல. நாலாவது நாளும் அப்படி, அஞ்சாவது நாளும் அப்படி. அப்புறம் சாயங்காலமும் எண்ணிப் பாத்தா. அப்பதான் ஒரு கூத்து. பகல்ல கொஞ்சமும் கூடல. காலையில புதுக் கஞ்சியில விட்டது எவ்வளவோ அதுக்கு மேல துளிதான். ராத்திரியிலதான் அம்புட்டும் பெருகுது. "பகல்ல நிக்குது அண்ணாச்சி, ராத்திரிதான் வளருது, இது என்ன அதிசயம்னு தெரியலியே"ன்னு கேட்டா.

ராத்திரி குளுமைதானேம்மான்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். அவ சிரிச்சா. உள்ளுக்குள்ள குளுமை ஏது அண்ணாச்சி, மெஷின்ல முப்பத்தொம்போதுல்லா இருக்குன்னா. பாத்துக்கிடுங்க, நான் சொல்லத்தான் செஞ்சேன். அவதான் பிடிச்சுக்கிடல.

குணசீலன் சாருக்கு விஷயம் போச்சு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை பேரையே ஒழுங்காச் சொல்லாத மனுஷன், பேச்சி பேச்சின்னு வராந்தாவுல நடக்காரு. பனைக்காட்டு ஈஸ்டு ராத்திரி பகல் பாத்து வாழப் பழகியிருக்கு, பகல் வெயில்ல அடங்கி இருந்துட்டு ராத்திரியில பெருகுது, அந்தப் பழக்கத்தைச் சூட்டுக்குள்ள இருந்தும் விடல, அப்படின்னு அவரே ஒரு விளக்கம் கட்டினாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பெங்களூருல ஒரு பெரிய கூட்டத்துல அவளை மேடையில ஏத்திப் பேச வச்சாரு. ரோசம்மாவோட நல்ல சேலையைத்தான் நான் கொண்டு போயிக் கொடுத்தேன், கட்டிக்கிட்டுப் போறதுக்கு. அவ அம்மா அன்னைக்குப் பீடித்தட்டைத் தொடலையாம். ஊருல ஃபிளெக்ஸ் வைக்கிற அளவுக்குப் பேச்சு.

நான் கேக்கேன், அந்த மனுஷன் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, இங்க வந்து கதவைத் திறந்து பாத்திருக்கக்கூடாதா? ஆம்பளைதானே. காரு இருக்கு, வீடு கூப்பிடு தூரம். ராத்திரியில வளருதுன்னு ஊரெல்லாம் சொன்ன மனுஷன் ராத்திரி வரல. எல்லாத்துக்கும் காரணம் அவருதான்னு நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

மூணு மாசம் கழிச்சு பெங்களூரு லேபு ஒண்ணுல இருந்து காகிதம் வந்துச்சு. இவ அனுப்பின ஈஸ்டை அவங்க முப்பத்தொம்போதுல வச்சுப் பாத்தாங்களாம். பகல்லயும் வளரல, ராத்திரியிலயும் வளரல. சாருக்கு முகம் செத்துப் போச்சு. இவளை ஜூவாலஜி லேபு மெஷின்ல திரும்பச் செய்யச் சொன்னாரு. ஜூவாலஜின்னா விலங்கியலு, கீழ் மாடி. அங்க பியூன் வேற ஆளு, கதவுல அந்தச் சர்க்குலரும் ஒட்டலை, ராத்திரி யாரும் மெஷினைத் தொட மாட்டாங்க. ஒரு வாரம் வச்சா. தண்ணி மாதிரி தெளிஞ்சு நின்னுச்சு. இந்தப் படியிலதான் உக்காந்து அழுதா. அழுதுட்டு எந்திரிச்சு வந்து, "அண்ணாச்சி, அந்தப் பத்து நாளும் ராத்திரி கரண்டு ஏதும் போச்சா?"ன்னு கேட்டா. இல்லம்மான்னு சொன்னேன். போகலியே தம்பி. போகாததைப் போச்சுன்னு எப்படிச் சொல்ல?

அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. வேற யாரோ முப்பத்தேழுல என்னத்தையோ வச்சிருந்தாங்க. வழக்கம் போல குறைக்கப் போனேன். கை பாதியில நின்னுட்டு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. சத்தியமா அதுவரைக்கும் புரியல. அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். ராத்திரி சோறு இறங்கல. ரோசம்மா என்னன்னு கேட்டா, சொன்னேன். தட்டை எடுத்துட்டு உள்ள போனா. கொஞ்ச நேரம் கழிச்சு, நாளைக்கே அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்கன்னு அடுப்படியில இருந்தே சொன்னா.

சொல்லத்தான் இருந்தேன். ஆனா அந்த வெள்ளிக்கிழமையே விசாரணைன்னு வச்சிட்டாவ. நாலு பெரியவங்க உக்காந்திருந்தாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. இந்தக் காலேஜில வந்து முதல் தடவையா என்னை நாற்காலியில உக்காரச் சொன்னாங்க. ராத்திரி உள்ள யாராவது வருவாங்களான்னு கேட்டாங்க. வர முடியாதுங்கய்யா, சாவி எங்கிட்டதான் இருக்கும்னேன். மெஷினை யாராவது தொட்டாங்களான்னு கேட்டாங்க. யாரும் தொடலைங்கய்யான்னு சொன்னேன்.

என்ன பாக்கீங்க? அவங்க யாராவதுன்னு கேட்டா, மாணவங்க, வாத்தியாருமாரு, வெளியாளுன்னுதானே அர்த்தம். நான் தினம் கதவைத் திறக்கேன், மேசையைத் தொடைக்கேன், ஸ்விட்சைப் போடுதேன். அட்டெண்டரு தொட்டான்னு உலகத்துல யாராவது எழுதி வைக்காங்களா? நீ தொட்டியா கோயில்பிச்சைன்னு நாலு பேருல ஒருத்தர் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்கல. அவங்க கண்ணுக்கு நான் தெரியவே இல்ல. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அப்புறம் என்னோட நோட்டை எடுத்தாங்க. தினம் காலையில பத்து மணி, சாயங்காலம் அஞ்சு மணி, மெஷின் எத்தனை டிகிரியில இருக்குன்னு நான்தான் எழுதணும். பத்து நாளும் முப்பத்தொம்போது, முப்பத்தொம்போதுன்னு என் கையெழுத்து. பொய்யில்ல, நான் எழுதுறப்போ அதுதான் இருந்துச்சு. எழுதிட்டுத்தான் குறைப்பேன். அவங்க அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு, அப்போ இந்தப் பொண்ணுதான் வேற எங்கயோ வளத்த குடுவையைக் காலையில கொண்டு வந்து மாத்தி வச்சிருக்கான்னு முடிவு பண்ணினாங்க. அவ என்னைய மட்டும் ஒருக்கப் பாத்தா. அண்ணாச்சியாவது நல்லபடியாச் சொன்னாரேங்கிற மாதிரி பாத்தா. அவ ஆராய்ச்சிப் பதிவை ரத்து பண்ணிட்டாங்க. ஆராய்ச்சியில ஏமாத்துனவன்னு பேரு. அது பின்னாலயே போகும்லா, வேற எந்தக் காலேஜு எடுக்கும்? அவ போற அன்னைக்கு என்கிட்டச் சொல்லிக்கிட்டுப் போறதுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தாளாம். நான் அன்னைக்கு லீவு.

அதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இந்த மாதிரி நிக்க மாட்டேன். சுரண்டையில ஹார்டுவேர் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தாங்க. நல்ல மனுஷன். அஞ்சு வயசுல ஒரு பையன். ஆனா எட்டு வருசமா அவ எனக்குப் போன் பண்ணுதா. மாசத்துக்கு ஒருக்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்க. ரோசம்மா எப்படி இருக்கா, பையனுவ எப்படி இருக்கானுவன்னு எல்லாம் கேட்டுட்டு, கடைசியில அங்கதான் வருவா. நீங்களும் பாத்தீங்கல்லா அண்ணாச்சி, கலங்கி இருந்துச்சுல்லான்னு கேப்பா. பாத்தேம்மான்னு சொல்லுவேன். அதைக் கேட்டதும் அவ குரல் கொஞ்சம் தெளியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கூப்பிடுதா.

அடுக்களையில வெந்நி போட்டு, அதுல பாட்டிலை நிறுத்தி, காய்ச்சல் பாக்கிற கம்பியை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளாம். கடையில விக்கிற ஈஸ்டை வாங்கிக் கரைச்சு, கலங்குதா கலங்குதான்னு பாப்பாளாம். சூடு இறங்கினா மறுபடி வெந்நி. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்னாலும் ஏறிட்டுப் பாக்கிறதில்லன்னு அவ புருஷன் என்கிட்டப் பேசும்போது அழுதான். போன வருசம் சித்திரையில கூப்பிட்டப்போ அவ சொன்னதுதான் எனக்கு உறக்கத்தைக் கெடுத்திட்டு.

"நான் ஏமாத்தலைல்லா அண்ணாச்சி? இப்போல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. வளரணும் வளரணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்லா. நானே குடுவையை மாத்தி வச்சிட்டு மறந்து போனேனோன்னு தோணுது."

இல்லம்மா, நீ மாத்தலம்மான்னு சொன்னேன். எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்கன்னு கேட்டா. எனக்குத் தெரியும்மா, நான் இருந்தேன்லான்னேன். அண்ணாச்சி நீங்க தெய்வம்னு சொல்லிட்டு வச்சா.

இந்த மெஷினை விக்கப் போறாவன்னு வாய் தவறி நான்தான் அவகிட்டச் சொன்னேன். உடனே பிடிச்சுக்கிட்டா. உலகத்துல எங்கயும் வளராதது இந்தப் பொட்டிக்குள்ள மட்டும் வளந்துச்சு, அப்போ இதுக்குள்ளதான் ஏதோ இருக்கு, நான் கொண்டு போயிப் பக்கத்துலயே படுத்துக் கிடந்து பாக்கேன் அண்ணாச்சின்னு சொல்லுதா. புருஷனும் இதோட தீரட்டும்னு சரின்னுட்டான். கொண்டு போயி ராத்திரி பகலா முப்பத்தொம்போதுல வைப்பா. வளராது. யாரும் குறைக்க மாட்டாங்களே, எப்படி வளரும்? அன்னைக்கு அவ அவளையே நம்புறதை விட்டுருவா. நானேதான் குடுவையை மாத்தி வச்சிருக்கேன்னு அவளே முடிவு கட்டிருவா.

அதுக்குத்தான் கேக்கேன். தெர்மோஸ்டாட் சரியில்லன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, ஓகோ ராத்திரியில சூடு இறங்கியிருக்கு, அதான் வளந்திருக்கு, நான் ஏமாத்தலன்னு அவளுக்கு விளங்கிரும். அவதான் கெட்டிக்காரியாச்சே, ஒரு வரி போதும். இது ஒரு பொய்தான். ஆனா உண்மைக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க. மெஷினு செஞ்சுதுன்னு போட்டா ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல. மெஷினுக்கு என்ன, சஸ்பெண்டா பண்ணப் போறாங்க?

நீங்களே சொல்லிருங்கன்னு சொல்லுதீங்க. சொல்ல எனக்குத் தெரியாதா? எட்டு வருசம் கழிச்சு எப்படித் தம்பி சொல்ல? முதல் நாளு சொல்லியிருந்தா ரூலுபடி செஞ்சேன்னு இருந்திருக்கும். இப்போ சொன்னா, எட்டு வருசமா பாத்தேம்மா பாத்தேம்மான்னு சொன்ன வாயி இதுதானேன்னு கேப்பா. அவ கேக்கக்கூட மாட்டா. அதுதான் எனக்குப் பயம். நாலு மாச சர்வீஸைப் பத்தி நான் கவலைப்படல, அப்படி நினைச்சிராதீங்க. நினைச்சேன், இல்லைன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. அவளுக்கு இந்த உலகத்துல நம்பிக்கையா இருக்கிற ஒரே சாட்சி நான்தான். அதையும் பிடுங்கிட்டா அவ எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, சொல்லுங்க.

கீழ ஆட்டோ வந்து நிக்குது. அவளாத்தான் இருக்கும். பேனாவைத் திறங்க தம்பி. ஒரு வரிதான். படிச்சப்போ இந்த மாடிக்கு ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி வருவா, கீழ கேட்டுல நுழைஞ்சது தெரியும் முன்னால இங்க நிப்பா. இப்போ கேளுங்க, ஒவ்வொரு படியா வாறா. முப்பத்தஞ்சு வயசுகூட ஆகல.

ஸ்பானர் டப்பாவை ஏன் பூட்டுதீங்க? தம்பி. 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு நீங்க எழுதின அந்தப் பேப்பரைக் கிழிச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வாம்மா. வா தாயி. மெலிஞ்சு போயிட்டியே. பையனைக் கூட்டிட்டு வரலியா? உக்காரு, ஏன் வந்ததும் வராததுமா மெஷின் பக்கத்துல போயி நிக்கே? ஆமா, அதேதான். அந்த ஓரத்துல நீ ஒட்டின பேரு கூட இன்னும் பிய்யல. இவரு மதுரையில இருந்து வந்திருக்காரு, மெக்கானிக்கு. காலையில இருந்து ஓட்டிப் பாத்துட்டாரு. எல்லாம் இவரு சொல்லுவாரு.

கேக்கால்லா தம்பி, சொல்லுங்க. இதுல என்ன குறை இருந்துச்சுன்னு கேக்கா. உங்களைத்தான் கேக்கா.

என்னையப் பாக்காதீங்க.

மெஷின் நல்லாருக்கும்மா. அப்பவும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. இப்படி உக்காரு தாயி, ராத்திரி நடந்ததை நானே சொல்லுதேன்.